மாடி அறையைக் கேட்டிருக்கிறாய்

ஹார்ட்டில்பூல்,
ஞாயிறு

அன்பு மகள் பெத்தனிக்கு அம்மா எழுதுவது. முட்டி வலியைத் தள்ளிவிட்டால் நான் நலம். நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய், அதனால் லண்டனில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன்.

உன் குறும்படத்துக்குப் பரிசு கிடைத்த செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டி மீன்வறுவல் கடைக்காரர் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறார். வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு மேவிஸ் சும்மா இருப்பாளா, "படம் ஓடுனதவிட கடைசில பேரு ஓடுனதுதான் ஜாஸ்தி"ன்னு ஊருக்கே கேட்கச் சொன்னாள். பொறாமைதான், அவள் பேரன் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். அப்பாவாக நடிக்க நீ அனுப்பிய நடிகரும் வந்து போனார், நல்ல மனுஷர். அப்பா எப்படி இருமுவார் என்று கேட்டார், இருமிக் காட்டினேன். பிறகு அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு நடையில் நின்றார், எனக்கு அழுகை வந்துவிட்டது, அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று உள்ளே ஓடிவிட்டேன்.

உன் முதல் முழுநீளப் படம், அதுவும் அப்பாவைப் பற்றி. படம் பிடிக்க வீட்டை எடுத்துக்கொள், அவர் போன மாடி அறை மட்டும் வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு காட்சியை நீங்கள் திரும்பத் திரும்ப எடுப்பீர்கள், எனக்குத் தெரியாதா? மனுஷர் ஒருமுறை போனதையே என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் நீ எழுதி அனுப்பிய திரைக்கதையை நேற்று மறுபடி படித்தேன். கடைசியில் அவர் உன் பெயரைச் சொல்வதாக எழுதியிருக்கிறாய். சொல்லவில்லை, கண்ணு. நீ கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை அந்தப் பேச்சை. அன்று சாயங்காலம் அவர் கேட்டது, "நாளைக்கு நீலக் குப்பைத்தொட்டியா, பழுப்பா?" இந்த வாரம் பழுப்பு என்றேன். "அப்ப போய் வெச்சுட்டு வா, போன வாரம் மாத்தி வெச்சு அள்ளாமப் போயிட்டான்"னார். வைத்துவிட்டு மேலே வந்தேன், போய்விட்டிருந்தார். படப்பிடிப்பில் இருந்தேனே, பக்கத்தில் இல்லையே என்று நீ உன்னையே தின்றுகொண்டிருக்கிறாய். நானும் இல்லை, பெத். நான் வாசலில் தொட்டியை இழுத்துக்கொண்டிருந்தேன்.

அறையை எடுத்துக்கொள். படுக்கை விரிப்பை நானே துவைத்து வைக்கிறேன். உன் ஆட்களை மேவிஸ் வாசலை மறித்து வண்டி நிறுத்த வேண்டாம் என்று சொல், சண்டைக்கு வருவாள். அவர் உன் பெயரைச் சொல்லட்டும், தொட்டியைக் கேட்கட்டும், அது உன் இஷ்டம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியம் உனக்குக் கைகூட வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தக் காட்சியில் கட்டிலுக்குப் பக்கத்தில் யாரையாவது உட்காரவை. படத்திலாவது அவர் தனியாகப் போக வேண்டாம்.

உன் அம்மா,
நோரீன்