இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு

அன்புள்ள பெர்த்தா அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

இங்கே டென்மார்க்கில் என் பிரெஞ்சு வகுப்புகள் ஜூனில் முடிகின்றன. காருக்குப் பின்னால் கேரவனை மாட்டி நானே பிரான்ஸுக்கு ஓட்டிப்போகிறேன். வழியில் பிரேடாவில் உன்னை ஏற்றிக்கொள்வேன். நேற்று ஓட்டிப் பார்த்தபோது கேரவன் சற்று ஆடியது. பயப்பட ஒன்றுமில்லை. பிரான்ஸில் நமக்குப் பிடித்த உருளைக்கிழங்கு கிடைக்காதே என்று வழக்கம்போல இரண்டு மூட்டை ஏற்றியிருந்தேன், ஆனால் பின்கோடியில். மகன் லைவென் சிரித்தான்.

"பின்னாடி பாரம் வெச்சா வாலை ஆட்டாம என்னம்மா செய்யும்? அப்பா எங்க வெப்பாருன்னு நீ பார்த்ததே இல்லையா?"

பார்த்ததில்லை. அவர் இருந்தவரை பாரம் அவர் பொறுப்பு. நான் பக்கத்தில் அமர்ந்து வரைபடம் பார்த்து வழி சொல்வேன். இப்போது மூட்டைகளைச் சக்கரங்களுக்கு நேர் மேலே மாற்றிவிட்டேன்.

உன் கம்பளிச் சட்டையையும் படிக்கும் கண்ணாடியையும் எடுத்துவை. கூடாரம் பிடிக்காது என்பாய். கேரவனுக்குள் கட்டில் இருக்கிறது. வரவில்லை என்றால் உடனே எழுது, ஒரு மூட்டையை இறக்கிவிடுகிறேன்.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. வரைபடத்தை உன் இருக்கையில் வைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
மெக்தில்ட்