தலைவர் இல்லாத மூன்று நாள்

21-1-2003, செவ்வாய்

லேப்பில் லீவு கிடைத்துவிட்டது! செய்யூர் பக்கம் சவுக்குத் தோப்பில் வருடா வருடம் நடக்கும் அரசற்றோர் முகாம், அரசும் அதிகாரமும் வேண்டாம் என்பவர்கள் கூடுவது. எனக்கு இது நான்காவது. தலைவர் கிடையாது, மேடை கிடையாது. வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். ஒரே ஒருவர் "சம்மதமில்லை" என்றாலும் தீர்மானம் நின்றுவிடும்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "தலைவரே இல்லன்னா மைக்க யாரும்மா புடிப்பாங்க?"

மைக்கும் இல்லை என்றேன்.

"அப்ப அது கூட்டமே இல்ல, போ."

24-1, வெள்ளி

வந்தாச்சு! நாற்பத்தோரு பேர். தலையெல்லாம் சவுக்கு ஊசி. முகாமைத் தொடங்கிய கஸ்தூரிரங்கன் சார் பேசினார் – கல்லூரியில் பாடம் எடுப்பவர். "இந்த மூணு நாள் யாருக்கும் யாரும் மேல இல்ல." எனக்குப் புல்லரித்தது.

சமையல், தண்ணீர், கக்கூஸ் குழி, எல்லாம் சீட்டுக் குலுக்கல். சாருக்குக் குழி விழுந்தது. கைதட்டினோம்.

25-1, சனி

குழியில் மண் தள்ளிக்கொண்டிருந்தது முனிசாமி அண்ணன். செங்கல்பட்டு ஸ்டேஷனில் மூட்டை தூக்குபவர். சார் கூடாரத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, உன் சீட்டு தண்ணிதானே?"

"சாரு மாத்திக்கினாரும்மா. வருஷா வருஷம் நான்தான் செய்றேன்."

வருஷா வருஷம். நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

அப்பா பள்ளிக்கூடம் போன முதல் நாள், வகுப்பில் அவரை மட்டும் எழுப்பித்தான் கக்கூஸ் கழுவச் சொன்னார்களாம்.

சொல்லலாமா? முகாமே உடைஞ்சிடுமே. சொல்லலன்னா நான் எதுக்கு இங்க வர்றேன்?

அதே நாள், மாலை

சொல்லிட்டேன்!

அடுத்த வருடமும் எப்போதும்போல நடத்துவோம் என்று தீர்மானம் வந்தது. சம்மதமில்லை என்றேன். ஏன் என்றும் சொன்னேன்.

முனிசாமி அண்ணனே குறுக்கிட்டார். "வுடும்மா, நமக்குப் பழக்கம்தானே."

"அந்தப் பழக்கத்துக்குத்தாண்ணா சம்மதமில்ல."

சார் முகம் சிவந்துவிட்டது. "முதுகு வலி ஜெபா, அவ்வளவுதான். நீ இதுல சாதியக் கொண்டுவர்ற."

"நான் அந்த வார்த்தையே சொல்லல சார்."

தீர்மானம் அதோடு நின்றது.

26-1, ஞாயிறு

காலை பஸ்ஸில் சார் போய்விட்டார். அவரோடு இன்னும் பதினேழு பேர். கடற்கரைக்குப் போய் அழுதேன்.

திரும்பி வந்தால் நாற்பத்தோரு பேருக்கான சோறு, சாப்பிட இருபத்துமூன்று பேர். "பக்கத்துல மரம் வெட்றாங்களே, அவங்களக் கூப்பிடலாமே" என்றார் முனிசாமி அண்ணன். இத்தனை வருடம் ஏன் இது எங்களுக்குத் தோன்றவில்லை?

கும்பலாக வந்தார்கள். முன்னால் வந்தவள் செல்லம்மா, கையில் அரிவாளோடு.

"யாரு இங்க பெரிய ஆளு?"

"யாரும் இல்லக்கா."

"பின்ன யாரு சொன்னா சோறு போடுவீங்க?"

"நீங்க சொன்னாலே போடுவோம்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாப்பிட்டு முடித்து வட்டத்தில் உட்கார்ந்தவள், எங்கள் பஸ் வரும்வரை பேச்சை நிறுத்தவில்லை. என்ன பேச்சு! அழுததே மறந்துபோயிற்று.

9-6-2003, திங்கள்

சாரிடமிருந்து தபால் கார்டு. "எனக்கு முதுகு வலி இல்லை, ஜெபா. அடுத்த முகாம் தேதி எழுது." அவ்வளவுதான். நான்கு முறை படித்தேன்.

24-1-2004, சனி

ஐம்பத்தெட்டுப் பேர்! சாரும் வந்திருக்கிறார். அதிகம் பேசவில்லை. வெங்காயம் உரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

தினமும் காலை ஆறு மணிக்கு வட்டம் கூடலாம் என்று நான்தான் சொன்னேன். விடியுமுன்னே எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிய செல்லம்மா நின்றாள்.

"அது ஆவாது. ஆறு மணிக்கு நாங்க வேலைல இருப்போம். எங்கள வுட்டுட்டு இன்னாத்த பேசுவீங்க?"

என் யோசனை அதோடு விழுந்தது. உண்மையைச் சொன்னால் முகம் சுண்டிப்போயிற்று, இரண்டு நிமிடம். அப்புறம் எனக்கே சிரிப்பு.

வட்டம் மூன்று மணிக்கு. இப்போது இரண்டே முக்கால். தோப்புக்குள்ளிருந்து வேலை முடித்த பெண்களின் சத்தம் நெருங்கி வருகிறது. பாய் போதாது, இன்னும் நாலு விரிக்க வேண்டும்.