மகள் பேரில் உள்ள கடை

அண்ணாவுக்கு,

தீர்ப்பைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய். அதனால் எழுதுகிறேன்.

என் கணவர் மகள் பேரில் எழுதிவைத்த கடையை, அவளுடைய காது ஆபரேஷனுக்காக விற்கக் கோர்ட் எனக்கு அனுமதி கொடுத்துவிட்டது. "என் தங்கச்சிக்கு உலகம் தெரியாதுங்க, குழந்தை சொத்தை அழிச்சிடுவா" என்று கூண்டில் நின்று சொன்னாய். அந்தக் கடையை வாடகையில்லாமல் நடத்துவது நீதான் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நீதிபதி கேட்டபோது, "கடைய அப்புறமாகூட வாங்கிக்கலாம் ஐயா. இந்த வயசு போயிட்டா ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனமில்லைன்னு டாக்டர் சொல்றார்" என்றேன்.

மாதக் கடைசிக்குள் கடையைக் காலி செய்துவிடு.

வீட்டுக்கு எப்போதும்போல வரலாம். ஆனால் அவளைச் செவிடு என்று கூப்பிடாதே. அவளுக்குக் கேட்கப்போகிறது.

உன் தங்கை