நான் வெளியே நின்ற ஐந்து நிமிடம்

அன்பு மகளே,

உன் பிரசவத்துக்கு நான் வரப்போவதில்லை. மாப்பிள்ளையிடம் முழங்கால் வலி என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று டாக்டர் உன் ரத்த அழுத்தம் பார்த்தபோது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நூற்று அறுபது. "சின்ன வயசுல வீட்ல ரொம்ப பயந்ததுண்டாம்மா? மனசு மறந்தாலும் உடம்பு மறக்காது," என்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்," என்றாய். உன் பார்வை என் கையில் இருந்தது.

மூக்குக்கண்ணாடிப் பெட்டியால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், நீ வீட்டுப்பாடம் எழுதும்போது தட்டுவேனே, அப்படி. நர்ஸ்தான், "பாட்டி, தாளம் அப்புறம் போடலாம். கொஞ்சம் வெளிய இருங்க," என்றாள். நான் பாட்டியாக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

கதவுக்கு வெளியே நின்றேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார்கள். நூற்று முப்பது என்று அவள் சொன்னது கேட்டது.

கான்வென்ட்டில் சிஸ்டர் மேசையைத் தட்டித் தட்டித்தான் எனக்கு எழுத்து வந்தது. "பிள்ளைக்குக் கை நடுங்குது, விடேன்," என்பார் உன் அப்பா. நான் விட்டதில்லை.

குழந்தை பிறந்ததும் எடையை எழுது. நீ கூப்பிடும் நாளில் வருகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வருவேன். பெட்டி இங்கேயே இருக்கும்.

உன் அம்மா