அத்தையின் மோட்டர் விற்பனைக்கு இல்லை

என் பாசத்துக்குரிய அத்தைக்கு,

இதை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. உங்கள் பழைய மோட்டர் சைக்கிளில் பெட்ரோல் ஒழுகியது, இப்போது ஒழுகவில்லை. சரி செய்தது உங்கள் மருமகள். ஆமாம், தம்பட்டம்தான் அடித்துக்கொள்கிறேன், கேளுங்கள்.

உங்கள் கருமாதி முடிந்ததும் உங்கள் மகன் அதை எடுத்துக்கொண்டு செமோர் வரை போய் வந்தார். வாசலில் நிறுத்திய கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் பெட்ரோல் வாடை. கூடத்தில் உங்கள் படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது. மனுஷன் பயந்துபோய் மோட்டரைக் கேட்டுக்கு வெளியே தள்ளிவிட்டு, பழைய இரும்பு வாங்குகிறவருக்குப் போன் போட்டுவிட்டார். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறாராம்.

எனக்கு வந்ததே கோபம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், லயத்து வீடுகளிலேயே முதல் பொம்பளையாக நீங்கள் ஓட்டிய மோட்டர் அது. அதில்தான் உங்கள் மகன் பள்ளிக்கூடம் போனார். தோட்டத்தை விட்டு குனோங் ராபாட்டுக்கு வந்தபோதும் அதில்தான் வந்தீர்கள். அதையா எடைக்குப் போடுவது?

"சனிக்கிழமைக்குள்ள நான் சரி பண்றேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்றேன். சிரித்தார்.

கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன், ஈரமில்லை. அதன் கீழே தொங்கும் மெல்லிய குழாயில்தான் சொட்டியது. அப்படியென்றால் கிண்ணத்துக்குள் பெட்ரோல் அளவுக்கு மேல் ஏறுகிறது. நிறைந்ததும் உள்ளே இருக்கும் மிதவை எழும்பி ஊசியைத் தள்ளி, பெட்ரோல் வரும் வழியை அடைக்க வேண்டும். ஊசிதான் தேய்ந்திருக்கும் என்று பெரிய கெட்டிக்காரி மாதிரி புது ஊசி வாங்கிப் போட்டேன். அப்போதும் சொட்டியது. உங்கள் மகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடி கழற்றி மிதவையைக் காதருகே ஆட்டினேன். பித்தளை மிதவை, உள்ளே காற்று மட்டும்தான் இருக்க வேண்டும். சளசளவென்றது. சுடுநீரில் அமுக்கினால் ஓரத்திலிருந்து குமிழி குமிழியாக வருகிறது! கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. பெட்ரோலைக் குடித்துவிட்டு மூழ்கிக் கிடந்திருக்கிறது.

நீங்கள் எங்கே நிறுத்தினாலும் பெட்ரோல் குழாயின் திருகை மூடிவிட்டுத்தான் இறங்குவீர்கள். சிக்கனம் என்று கேலி செய்வோம். உங்கள் மகன் அதை மூடாமல் விட்டதால்தான் அன்றைக்கு அந்த வாடை. இது ஒழுகுவது உங்களுக்கு முன்பே தெரியுமா, அத்தை? எங்களுக்குத் தெரிந்தால் விற்றுவிடுவோம் என்று பயந்தீர்களா?

ஓட்டையை அடைக்க நான் யாரிடமும் போகவில்லை. பேக்டரியில் நாள் முழுக்க ஈயம் உருக்கிப் பற்றவைப்பதுதானே என் பிழைப்பு. ஓட்டையைச் சற்றே பெரிதாக்கி, உள்ளே இருந்ததை வடித்து, வாடை அறவே போகும்வரை வெயிலில் காயவைத்தேன். பிறகு கடுகளவு ஈயம். கூடினால் மிதவை கனத்துவிடும். மறுபடி சுடுநீரில் போட்டேன், ஒரு குமிழி வரவில்லை. அத்தை, அந்த நேரத்தில் எனக்கு இருந்த திமிர்!

சனிக்கிழமை காலையில் மிதவையை மாட்டி, பெட்ரோல் திருகைத் திறந்தே வைத்து, மோட்டருக்கு அடியில் நாளிதழை விரித்திருந்தேன். பழைய இரும்புக்காரரின் லாரி வந்து நின்றது. உங்கள் மகன் குனிந்து அந்தத் தாளைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார். காய்ந்த தாள். நேரே கேட்டுக்குப் போனார்.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க. இது எங்கம்மா மோட்டர். என் பொண்டாட்டி நல்லா பண்ணிட்டா லா. இனிமே இது அவளோடது."

விற்காதீர்கள் என்றுதான் கேட்டேன், அத்தை. எனக்கே கொடுத்துவிட்டார். வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் அதில்தான் வேலைக்குப் போகிறேன். நான் இருக்கும்வரை அது இந்த வீட்டு வாசலில்தான் நிற்கும்.

என்றும் உங்கள் வீட்டு மருமகள்,
கோமளா