பனைமரக் கல்லறையில் பிடித்த வெளிச்சம்

அன்பு மகள் ராவியாவுக்கு,

உன் அம்மா ஹமீதா எழுதுகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அப்பாவும் ஆடுகளும் கோழிகளும் சுகம். அங்கே பிரான்ஸில் மார்செய் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முகம் பார்த்துப் பேச போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். செத்தாலும் கத்தி வைக்க விடமாட்டேன் என்று நின்ற அப்பா கண் ஆபரேஷனுக்கு எப்படிம்மா சம்மதித்தார் என்று நீ ஒவ்வொரு தடவையும் கேட்டாய், நான் ஒவ்வொரு தடவையும் மழுப்பினேன். உன் அப்பா என் தோளை ஒட்டி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது எதைச் சொல்வது? பக்கத்து வீட்டு ஷஹாத் செவ்வாய்க்கிழமை உன் ஊருக்குத்தான் விமானம் ஏறுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வெயிலில் புளிக்கவைத்துச் சுட்ட ரொட்டியும் காய்ந்த முலூகியாக் கீரையும் வைத்திருக்கிறேன், ரொட்டியின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சூடாக்கு, அப்படியே கடித்தால் பல் போய்விடும்.

உனக்குத்தான் தெரியுமே, உன் பெரியப்பாவுக்கு ஆபரேஷன் செய்து இருந்த பார்வையும் போனதிலிருந்து இவருக்கு டாக்டர் என்ற சொல்லே ஆகாது. இந்தக் கண்புரை முற்றிக்கொண்டே போகிறது, இன்னும் தள்ளிப்போட்டால் பிறகு நான் பொறுப்பில்லை, வரும் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று லக்ஸர் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இவரோ நைல் படகில் திரும்பும்போதே, "எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது, அந்தாளுக்கு வெட்ட ஆள் கெடைக்கல" என்று ஆரம்பித்துவிட்டார். நான் அழுதேன், நீ போனில் அழுதாய், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் காலையில் தேநீர் குடித்துக்கொண்டே தானாகவே பந்தயம் கட்டினார். "இந்தா உம்மு ராவியா, நான் வேலை பாத்த தேர் எல் மதீனாவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போ. பனைமரக் கல்லறைக்குள்ள எறங்கி சுவத்துல என்ன இருக்குன்னு ஒண்ணு விடாம சொல்றேன். சொல்லிட்டேன்னா ஆத்தாளும் மகளும் வாயை மூடிக்கணும். சொல்லலைன்னா நீ சொல்ற எடத்துல வந்து படுத்துக்கறேன்" என்றார். வாழ்நாள் முழுக்க அந்தக் கல்லறை வாசலில் காவல் நின்ற மனிதர் அதன் படத்தைச் சொல்வது ஒரு பந்தயமா? இது அப்போது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பினாரே, அதுவே போதும் என்று சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வேனிலிருந்து இறங்கியதும் அவர் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே. அந்தப் பழைய தொழிலாளர் ஊருக்கு நடுவே போகும் ஒற்றைச் சந்தில், இடுப்பளவு நிற்கும் கல் சுவர்களுக்கு இடையே, வேலைக்கு நேரமானவரைப் போல விறுவிறு என்று நடக்கிறார், நான்தான் பின்னால் தடுக்கிக்கொண்டு ஓடுகிறேன். இது அடுப்பு, இது மாடிப்படி, இது ஒரு கல் வெட்டுகிறவனின் பெண்டாட்டி மாவரைத்த இடம் என்று கைத்தடியால் தட்டித் தட்டிக் காட்டுகிறார், ஒன்றுகூடத் தப்பில்லை. அந்தக் காலத்து எகிப்து ராஜாவுக்குக் கல்லறை வெட்டி வர்ணம் பூசுவது அவர்கள் பிழைப்பு, ஓய்வு நாளில் அதே கையால் மலைச் சரிவில் தங்களுக்கும் ஒன்று வெட்டிக்கொண்டார்கள். வீட்டு வாசலில் நின்றால் தன் கல்லறை தெரியும், உன் அப்பாவுக்கு அந்தக் காலத்தில் இது பெரிய வேடிக்கை. "ஆபீசும் வீடும் கல்லறையும் ஒரே தெருவுல, வேன் கூலி மிச்சம்" என்பார். அன்றைக்கும் அதையே சொன்னார். பந்தயத்தில் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன், ஆனால் உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது ராவியா. எத்தனை வருஷம் கழித்து அந்தச் சந்தில் அவர் பின்னால் நடக்கிறேன். புதுப்பெண்ணாக இருந்தபோது மத்தியானச் சாப்பாட்டைத் துணியில் முடிந்து தலையில் வைத்துக்கொண்டு தினமும் இதே வழியில்தான் வருவேன். அவர் மேலே கல்லறை வாசலில் நின்று கண்ணாடியால் வெயிலைப் பிடித்து என் முகத்தில் அடிப்பார். கண் கூசி நான் திட்டிக்கொண்டே ஏறுவேன், மற்ற காவலாளிகள் சிரிப்பார்கள்.

அந்தக் கண்ணாடி எது தெரியுமா, என் கல்யாண அலமாரியின் கதவுக் கண்ணாடி. வீடு மாற்றும்போது உடைந்தது, பெரிய துண்டை எடுத்துச் சட்டம் போட்டு வேலைக்குக் கொண்டுபோய்விட்டார். அப்போது கல்லறைகளுக்குள் மின்சாரம் கிடையாது. வெளியே ஒருவர் கண்ணாடியில் சூரியனைப் பிடித்து உள்ளே அனுப்புவார், உள்ளே இன்னொருவர் வெள்ளித்தாள் ஒட்டிய பலகையை வைத்து அந்த வெளிச்சத்தைத் திருப்பிச் சுவரில் காட்டுவார், வந்தவர்கள் ஆ ஊ என்பார்கள். நானும் ஒரே ஒரு தடவை அப்படி உள்ளே போயிருக்கிறேன், இதை உனக்குச் சொன்னதில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. நம் பக்கத்தில் பிள்ளையில்லாத பெண்கள் பழைய கல்லறைக்குள் போய்ச் சுற்றிவந்தால் வயிறு திறக்கும் என்பார்களே, என் மாமியார் பிடித்த பிடியில் நானும் போனேன். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "செத்தவங்ககிட்டப் போயா பிள்ளை கேக்கற? அவங்களே ஒரு ரூம்ல இருவது பேரு நெருக்கிட்டு கெடக்காங்க" என்றார். ஆனால் நான் இறங்கியதும் கூடக் காவல் நின்ற ஆளிடம் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, தானே உள்ளே வந்து பலகையைப் பிடித்தார். மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு குடும்பமே சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அதில் ஒருத்திக்குப் பாதி நரை. இத்தனை பேருக்கு நடுவே நரைக்கிற வரை வாழ எனக்கும் கொடு என்று கேட்டேன், யாரிடம் கேட்டேன் என்று கேட்காதே. அடுத்த வருஷம் நீ பிறந்தாய். நம் பள்ளிவாசல் ஷேக் காதில் மட்டும் போட்டுவிடாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது அங்கே காவல் இருக்கிற கரீப், உன் அப்பாவோடு வேலை பார்த்த அதே மீசைக்காரர், எங்களைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "வாங்க பத்ரி அண்ணே, நீங்க போனதுலேர்ந்து செத்தவங்க யாருக்கும் தூக்கமே இல்ல" என்றார். நாங்கள் வாசலில் கால் வைத்தோம், மின்சாரம் போய்விட்டது. உள்ளே இருந்த வெள்ளைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு மேலே வந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். நல்லதாகப் போயிற்று, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று நான் அவர் கையைப் பிடித்து இழுக்கிறேன், அவரோ முகமெல்லாம் சிரிப்பாக, "என் கண்ணாடி இருக்காடா?" என்று கேட்கிறார். காவலாளிகள் அறையின் மூலையிலிருந்து கரீப் அதை எடுத்து வந்தார், என் அலமாரிக் கண்ணாடி, ஓரமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. கரீப் வெளியே நின்றார், நானும் உன் அப்பாவும் குனிந்து குனிந்து இறங்கினோம், பலகை என் கையில். "இன்னைக்கு நீ புடி, நான் பாக்கறேன்" என்றார்.

மேலேயிருந்து வெளிச்சம் வந்து பலகையில் விழுந்தது. காவலாளிகளின் வழக்கம் எனக்கு என்ன தெரியும்? அவர்கள் எப்போதும் முதலில் இடது கைப் பக்கத்துப் பனைமரத்தைத்தான் காட்டுவார்களாம், அதற்குப் பிறகுதான் மற்றச் சுவர்கள், யார் காவலுக்கு வந்தாலும் அதே வரிசை. நான் என் பாட்டுக்கு அந்த நரைத்தலைக்காரி எங்கே என்று தேடி எதிர்ப்பக்கம் வலது சுவருக்குத் திருப்பிவிட்டேன். அவள் அப்படியே இருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது உன் அப்பா என் பின்னால் கம்பீரமாகச் சொல்கிறார், "பாத்தியா, பனைமரம். அடியில ஆளு குனிஞ்சு தண்ணி குடிக்கறான். காய் கூட செக்கச்செவேல்னு எப்படித் தெரியுது பாரு. இப்ப என்ன சொல்ற?" திரும்பிப் பார்த்தேன். கும்மிருட்டாக இருந்த இடது சுவரைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது ராவியா. சந்தில் அவர் நடந்தது கண்ணால் அல்ல, பழகிய காலால். வீட்டில் தேநீர்க் கோப்பையை எட்டி எடுத்ததும், என் உடுப்பு நன்றாக இருக்கிறது என்றதும் எல்லாமே அப்படித்தான். சொன்னால் மனிதர் உடைந்துபோவார், சொல்லாவிட்டால் கண் போகும். என் கை நடுங்கி வெளிச்சம் ஆடியது. எங்கோ ஏதோ ஆடுவது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது, "ஏன் ஆட்டற, நேராப் புடி" என்று அதட்டினார். பலகையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, நீட்டிய அவர் கையைப் பிடித்து மெதுவாக இந்தப் பக்கம் கொண்டுவந்து வெளிச்சத்துக்குள் வைத்தேன். வெயிலின் சூடு உள்ளங்கையில் பட்டிருக்கும். விரல்களை விரித்து மூடிப் பார்த்தார். பிறகு சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். மேலேயிருந்து கரீப், "அண்ணே, அடுத்த சுவத்துக்குப் போலாமா?" என்று கத்துகிறார். அப்புறம் உன் அப்பா சின்னக் குரலில், "அங்க என்ன இருக்கு?" என்று கேட்டார். குடும்பம் உட்கார்ந்திருக்கிறது, கிழவருக்குத் தலை வெள்ளை, பக்கத்தில் இருப்பவளுக்குப் பாதி நரை என்றேன். "ஆமா, அவளுக்குப் பாதி நரை" என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமைன்னுதானே டாக்டர் சொன்னாரு?" என்றார். நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது ஞாபகமில்லை. மேலே வந்ததும் கரீப் பந்தயம் என்ன ஆயிற்று என்று கேட்டார். "உம்மு ராவியா கள்ள ஆட்டம் ஆடிட்டா" என்று சொல்லிவிட்டு வேனை நோக்கி நடந்தார், அன்றைக்கு முதல் முறையாக என் தோளைப் பிடித்துக்கொண்டு.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று போனில் சொன்னேன். கட்டுப் பிரித்த அன்று நடந்ததை மட்டும் சொல்லவில்லை. நர்ஸ் கட்டை எடுத்துவிட்டு மெதுவாகக் கண்ணைத் திறவுங்கள் என்றாள். திறந்தார், இப்படி அப்படிப் பார்த்தார், பிறகு என்னையே பார்த்தார். "உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது? அந்தச் சுவத்துக்காரியத் தூக்கிச் சாப்ட்டுட்டியே" என்றார். அவருக்குக் கண் மங்கிய பிறகு பார்க்க யார் இருக்கிறார்கள் என்று நான் தலைக்கு மருதாணி வைப்பதையே விட்டிருந்தேன். டாக்டர், நர்ஸ், வரிசையில் நின்றவர்கள் எல்லோர் முன்னாலும் குழந்தை மாதிரி அழுதேன். முக்காட்டைச் சரியாகப் போடவில்லை என்று அப்போதும் ஒரு அதட்டல். மறுநாளே மருதாணி வாங்கிவிட்டேன், ஆனால் இன்னும் ஊறவைக்கவில்லை. கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும், பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

மாப்பிள்ளையை அந்தப் பழைய ஸ்வெட்டரோடு வேலைக்கு அனுப்பாதே, நம் ஊர் மானத்தை வாங்குகிறது. ராத்திரி வேலையைக் குறைத்துக்கொள், சோற்றை நேரத்துக்குச் சாப்பிடு. நம் கருப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. உனக்கு எல்லா பரக்கத்தும் அல்லாஹ் தரட்டும், உன் கண்ணும் நெஞ்சும் எப்போதும் குளிர்ந்திருக்கட்டும். இன்னும் ஒரு விஷயம், இதுதான் முக்கியம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது படகில் உன் அப்பா என் காதருகே குனிந்து, "நம்ம பொண்ணு இப்ப எப்படி இருக்கா? நெசமாச் சொல்லு" என்று கேட்டார். போனில் நீ மெலிந்துவிட்டாய், நீ கறுத்துவிட்டாய் என்று அவர் சொன்னதெல்லாம் உன் குரலைக் கேட்டு ஊகித்து அளந்துவிட்டதுதான் மகளே, இரண்டு வருஷமாக அவர் உன் முகத்தைப் பார்க்கவில்லை. போன் திரையைப் பார்க்க வெள்ளிக்கிழமையிலிருந்து டாக்டர் அனுமதித்திருக்கிறார். எப்போதும் போல இருட்டு மூலையில் படுத்துக்கொண்டு பேசாதே. ஜன்னலுக்கு எதிரே, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார், கை நடுங்காமல் போனை நேராகப் பிடி.

உன் அன்பு அம்மா,
ஹமீதா
குர்ணா, நைலின் மேற்குக் கரை, எகிப்து