கடைமடை விடுபட்ட தாள்

1987 செப். 14, திங்கள்
காற்று. மழை இல்லை. கல்லூரிக் கணிப்பொறியில் லிஸ்ப் மொழியின் புதுப் பதிப்பு ஏற்றியாயிற்று. பாசனச் சங்கத்துக்கு நான் எழுதிய முறைத்தண்ணீர் நிரலை அதில் ஓட்டி, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்ற தாளை மடைக்காரர் கருப்பையாவிடம் கொடுத்தேன். சரிபார்க்கவில்லை. எப்போதும் சரியாக வருவதுதானே. பிரிண்டருக்கு ரிப்பன் வாங்க வேண்டும். பல்வலி.

செப். 16, புதன்
தாளில் வாய்க்கால் முடிவிலுள்ள கடைமடை வயல்கள் ஒன்றுகூட இல்லை. கருப்பையா அப்படியே மடையை அடைத்துவிட்டார். தம்பி துரையின் நெல் கடைமடையில், கதிர் வாங்கும் நேரம்.
துரை போய்க் கேட்டானாம்: "மேமடைக்காரன்ட்ட எம்புட்டுலே வாங்குன?"
"தாள்ல இருக்கபடிதான்யா அடைச்சேன். ஒங்க அக்கா குடுத்த தாளு."
அரிவாள். வலது கை. வாய்க்காலுக்குள்ளேயே விழுந்தாராம் கருப்பையா.
துரை ரத்தச் சட்டையோடு வந்து சோறு கேட்டான். போட்டேன். ஏன் போட்டேன்? பாதிச் சாப்பாட்டில் போலீஸ்.

செப். 17, வியாழன்
லீவு. நாள் முழுக்க நிரல். கிடைத்துவிட்டது.
லிஸ்பில் திறந்த அடைப்புக்குறி ஒவ்வொன்றையும் மூட வேண்டும். பழைய பதிப்பில் ஒரு ] போட்டால் திறந்திருப்பவை எல்லாம் மூடிக்கொள்ளும். சோம்பேறித்தனம், எங்கும் அப்படியே எழுதியிருக்கிறேன். புதுப் பதிப்பு ஒன்றை மட்டும் மூடுகிறது. மேல்மடை நிபந்தனை திறந்தே கிடக்க, கடைமடை வரிகள் அதற்குள் மாட்டிக்கொண்டன. மேல்மடை வயலாக இருந்தால்தான் கடைமடையா என்றே கேட்கிறது! கோப்பின் முடிவில் மிச்சத்தைத் தானே மூடிக்கொண்டுவிட்டது. பிழைச் செய்திகூட இல்லை.
திரையை உடைக்க வேண்டும் போல வெறி. சுவரில் குத்தினேன். முட்டி வீக்கம்.

செப். 18, வெள்ளி
கருப்பையாவின் கையை எடுத்துவிட்டார்கள், முழங்கைக்குக் கீழே. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி: "கையி போச்சு, போகட்டும் டீச்சர். அவுக லஞ்சம் வாங்குனாகன்னு ஊரே காறித் துப்புதே, அதை யாரு தொடைப்பா?"
வாசலில் துரையின் வக்கீல்: "லஞ்சம்னு இருந்தாத்தாம்மா கேசுல நமக்கு ஒரு பிடி. நீங்க வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."
ஸ்டேஷனுக்குப் போய் அடைப்புக்குறிப் பிழையைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சிரித்தார்: "ஒத்தக் குறிக்காகவா இந்த வெட்டு?"
எழுதினேன். கருப்பையா யாரிடமும் எதுவும் வாங்கவில்லை, பிழை என் நிரலில்.
கம்பிக்குப் பின்னாலிருந்து துரை: "என்னைய உள்ள தள்ளவாக்கா இம்புட்டுப் படிச்ச?"
கையெழுத்துப் போட்டேன்.